எல்லா வேட்டைக்கும் ஒரே ரைஃபிள், ஒரே காலிபர்: எப்படி தேர்ந்தெடுக்கறது

ஒரே ரைஃபிள வச்சுகிட்டு சின்ன மான்ல இருந்து மூஸ் (மான் இனத்துலயே பெருசு) வரைக்கும் சமாளிக்க முடியுமான்னு கேட்டா, தாராளமா முடியும். ஆனா இந்த கேள்விய கேக்கறவங்கள்ல நிறைய பேர் காலிபர் (துப்பாக்கி குழாயோட உள் அளவு, அதுக்கான தோட்டா வகை) பேர்லயே மாட்டிகிட்டு நிக்கறாங்க, .308-ஆ .30-06-ஆ, 6.5 கிரீட்மோரா, இல்ல மருந்து கூடுதலா இருக்கற ஏதாவது மேக்னமான்னு மாசக்கணக்கா மண்டைய உடைச்சுக்கறாங்க, ஆனா வாங்கப்போற துப்பாக்கில எந்த குண்டு (தோட்டா முனையில இருந்து பறக்கற பகுதி) போடணும், அத வச்சு எவ்வளவு தூரம் வரைக்கும் தன்னால ஒழுங்கா சுட முடியும்னு யோசிக்கறதே இல்ல. என் கணக்குல காலிபர்ங்கறது கால்வாசி முடிவுதான், மிச்ச முக்காவாசி குண்டும் உங்க தோளும்.

முன்னாடியே ஒண்ணு சொல்லிடறேன், வேட்டைக்கு சட்டப்படி அனுமதி இருக்கற இடத்துல, லைசென்ஸும் சீசன் பர்மிட்டும் கையில இருக்கறவங்களுக்குத்தான் இது. தடை இருக்கற இடத்துல இந்த பேச்சுக்கே வேலை இல்ல.

சரி, முதல் வேலை கடைக்கு போறது இல்ல, ஒரு பேப்பர எடுத்து நீங்க நிஜமாவே வேட்டைக்கு போகப்போற மிருகங்கள எழுதறது. நிஜமாவேன்னு நான் அழுத்தி சொல்றதுக்கு காரணம் இருக்கு, என்னைக்கோ ஒருநாள் அலாஸ்கா போயி பழுப்பு கரடி சுடுவேன்னு கனவு கண்டு .338 வின்செஸ்டர் மேக்னம் வாங்கி, அதை வச்சு வருஷா வருஷம் சின்ன மான சுட்டு தோள்பட்டைய தேச்சுகிட்டு இருக்கறவங்க நிறைய. அடுத்த அஞ்சு வருஷத்துல போக வாய்ப்பு இருக்கற மிருகங்கள மட்டும் எழுதுங்க. ரோ மான்னா சுமார் 25 கிலோ, நல்லா வளர்ந்த ஆண் மூஸ்னா 500 கிலோவ தாண்டும், இதுக்கு நடுவுலதான் வெள்ளைவால் மான், காட்டுப்பன்றி, சிவப்பு மான், எல்க் (வட அமெரிக்காவோட பெரிய மான் வகை) எல்லாம் வருது. இந்த லிஸ்ட்ல பெருசா இருக்கறதுக்கு போதுமான காலிபர் எதுன்னு பாக்கணும், சின்னதுக்கு அது அதிகமா போகுமேங்கற கவலைய குண்ட வச்சு சரி பண்ணிக்கலாம், அதுக்கு பின்னாடி வரேன்.

அடுத்து சட்டம். இத கடைசில பாத்துக்கலாம்னு விட்டுடாதீங்க, ஏன்னா பல காலிபர் இங்கயே அடிபட்டு போயிடும். இங்கிலாந்துல பெரும்பாலான மானுக்கு காலிபர் குறைஞ்சது .240 இருக்கணும், பேரல் (துப்பாக்கி குழாய்) வாய்ல 1,700 அடி-பவுண்ட் எனர்ஜி இருக்கணும். ஜெர்மனில ரோ மானுக்கு 100 மீட்டர்ல 1,000 ஜூல் போதும், ஆனா சிவப்பு மான், காட்டுப்பன்றி மாதிரி பெருசுக்கு 6.5 மில்லிமீட்டர் காலிபரும் 100 மீட்டர்ல 2,000 ஜூலும் கட்டாயம். ஸ்வீடன்ல மூஸுக்கு குண்டு எடை 9 கிராமாவது இருக்கணும், 10 கிராமுக்கு கீழ இருந்தா 100 மீட்டர்ல 2,700 ஜூல், 10 கிராமோ மேலயோன்னா 2,000 ஜூல். அமெரிக்காவுல கொலராடோ மாநிலத்துல எல்க், மூஸ் ரெண்டுக்கும் குறைஞ்சது .24 காலிபர், 85 கிரெய்ன் குண்டு (கிரெய்ன்ங்கறது குண்டு எடை அளவு, சுமார் 15 கிரெய்ன் ஒரு கிராம்). ஆப்பிரிக்கால பல நாடுகள்ல எருமை, யானை மாதிரி ஆபத்தான மிருகத்துக்கு .375-க்கு கீழ பேச்சே இல்ல. இப்போ இத வச்சு .243 வின்செஸ்டர பாருங்க, 1955-ல வந்த ரொம்ப அருமையான தோட்டா, சுடறப்ப தோள்ல விழற உதை கம்மி, மானுக்கு கச்சிதம், ஆனா ஜெர்மனில பன்றிக்கு எடுத்துட்டு போக முடியாது, ஸ்வீடன்ல மூஸுக்கு எடுத்துட்டு போக முடியாது. ஒரே ரைஃபிள்னு போறவங்களுக்கு அது அங்கயே அவுட்.

மூணாவது உதை. இதுலதான் எல்லாரும் பொய் சொல்றாங்க, தனக்குத்தானே. 8 பவுண்ட் எடை இருக்கற ரைஃபிள்ல உதை எனர்ஜிய கணக்கு போட்டா .243-ல சுமார் 9-10 அடி-பவுண்ட், 6.5 கிரீட்மோர்ல 12-13, .308-ல 17 பக்கம், .30-06-ல 20 பக்கம், .300 வின்செஸ்டர் மேக்னம்ல 25-ஐ நல்லாவே தாண்டிடும். பெரும்பாலானவங்களுக்கு 20-க்கு மேல போச்சுன்னா கண்ணு தானா மூடும், ட்ரிக்கர இழுக்கறப்ப தோள் முன்னால தள்ளும், அவங்களுக்கே தெரியாது. எனக்கு பழக்கமாயிடுச்சுன்னு சொல்றவங்கள சோதிக்க ஒரு வழி இருக்கு, ரேஞ்ச்ல (சுட்டு பழகற மைதானத்துல) நண்பர்கிட்ட ரைஃபிள குடுங்க, அவர் உங்களுக்கு தெரியாம சில தடவை நிஜ தோட்டாவும் சில தடவை டம்மி ரவுண்டும் (வெடிக்காத போலி தோட்டா) போட்டு போல்ட மூடி கையில தரட்டும். டம்மி வர்றப்ப 'டிக்'னு மட்டும் சத்தம் வரும், அந்த நேரத்துல பேரல் நுனி எப்படி கீழ முங்குதுன்னு பாத்தீங்கன்னா உங்களுக்கே வெக்கமா இருக்கும். சில பேருக்கு ஒரு இன்ச்சு முங்கும், சில பேருக்கு ரைஃபிளே ஒரு குட்டி குலுக்கு குலுக்கும். நுனி அசையாம நிக்கற காலிபர் எதுவோ அதுதான் உங்க உச்சவரம்பு. கூட்டாளி ஒருத்தர் மேக்னம் வச்சிருக்காருங்கறதுக்காக நீங்களும் வாங்கணும்னு எந்த சட்டமும் இல்ல.

இந்த மூணையும் போட்டு சலிச்சா பெரும்பாலானவங்களுக்கு மிஞ்சறது ஆறேழு காலிபர்தான்.

.308 வின்செஸ்டர், 1952-ல வந்தது, நேட்டோவோட 7.62×51 இதோட கூடப்பிறப்பு. கேஸ் (தோட்டாவோட உலோக கூடு) நீளம் 51 மில்லிமீட்டர்ங்கறதால ஷார்ட் ஆக்ஷன்ல (தோட்டா ஏத்தற பொறி குட்டையா இருக்கற ரைஃபிள்) அடங்கும், ரைஃபிள் கொஞ்சம் குட்டையா லேசா வரும், தோட்டா கிடைக்காத நாடு கம்மி, 20 இன்ச் பேரல்லயும் ஒழுங்கா வேலை செய்யும். என்னைய யாராவது ஒரு வரில பதில் சொல்லுன்னா நான் இதத்தான் சொல்வேன். .30-06 ஸ்பிரிங்ஃபீல்ட் 1906-ல அமெரிக்க ராணுவத்துக்கு வந்தது, கேஸ் 63 மில்லிமீட்டர், அதனால லாங் ஆக்ஷன் வேணும், ஒரே எடை குண்ட .308-ஐ விட நொடிக்கு 100 அடி பக்கம் வேகமா தள்ளும், ஆனா அதோட நிஜ பலம் வேகத்துல இல்ல, 200, 220 கிரெய்ன் மாதிரி கனமான நீளமான குண்ட போட கேஸ்ல இடம் இருக்கறதுதான். மூஸ், எல்க், கரடின்னு லிஸ்ட்ல நிறைய இருந்து, 20 அடி-பவுண்ட் உதைய தாங்கினா .30-06 எடுங்க, யோசிக்க வேணாம். லிஸ்ட் பெரும்பாலும் மானும் பன்றியுமா இருந்து எப்பவாவது ஒரு எல்க்னா .308 போதும். ரெண்டுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசத்த மிருகம் உணராது, பேசறவங்கதான் உணருவாங்க.

உதை ஆகாதுங்கறவங்களுக்கு 7 எம்எம்-08 ரெமிங்டன் இருக்கு, .308 கேஸோட கழுத்த சுருக்கி பண்ணது, 140 கிரெய்ன் குண்டோட மான், பன்றி, எல்க் வரைக்கும் நம்பிக்கையா போகலாம், என்ன பிரச்சினைன்னா சில இடத்துல தோட்டா கிடைக்காது. 6.5×55 ஸ்வீடிஷ் 1890-கள்ல இருந்தே இருக்கு, ஸ்கேண்டிநேவியால நூறு வருஷத்துக்கு மேல மூஸ் சுட்டுகிட்டு இருக்காங்க, அதனால 6.5 போதாதுன்னு சொல்றவங்க பேச்ச முழுசா நம்பாதீங்க, ஆனா அங்க அவங்க கனமான நீள குண்டு போடறாங்க, நியாயமான தூரத்துல சுடறாங்க, அத சேத்து சொல்லணும். 2007-ல வந்த 6.5 கிரீட்மோரும் கிட்டத்தட்ட அதே வேலைய செய்யும், ஷார்ட் ஆக்ஷன்ல. .270 வின்செஸ்டர் 1925-ல வந்தது, 130 கிரெய்ன் குண்டு நொடிக்கு 3,000 அடிய தாண்டி போகும், திறந்தவெளி மலைப்பக்கம் மான் வேட்டைக்கு அட்டகாசமா இருக்கும், கிட்டத்துல சுட்டா மட்டும் இறைச்சி சேதம் கொஞ்சம் அதிகம். லிஸ்ட்ல எருமை இருந்துச்சுன்னா கதையே வேற, 1912-ல வந்த .375 ஹெச் அண்ட் ஹெச் ஒண்ணுதான் உலகம் பூரா எல்லாத்தையும் சுடற ஒரே ரைஃபிள்னு சொல்லிக்க தகுதி உள்ளது, 300 கிரெய்ன் குண்டு நொடிக்கு 2,500 அடி வேகத்துல போகும், ஆனா அதோட உதைக்கு சும்மா ரேஞ்ச்ல இருவது ரவுண்டு சுட்டு பாருங்க அப்புறம் முடிவு பண்ணுங்க.

இந்த இடத்துல கண்டிப்பா ஒருத்தர் வந்து ஆப்பிரிக்கால யானை வேட்டைக்காரரா இருந்த கரமோஜோ பெல், 7×57-ங்கற சின்ன காலிபர வச்சு நூத்துக்கணக்குல யானை சுட்டாரேன்னு சொல்வார். சுட்டார், நிஜம்தான். அவர் யானை மண்டையோட்ட அறுத்து பாத்து மூளை எங்க இருக்குன்னு படிச்சவர், விரியாத கெட்டி குண்டு போட்டவர், வேட்டையே பொழப்பா வச்சிருந்தவர். அவர் உதாரணம் சின்ன காலிபருக்கு சிபாரிசு இல்ல, எங்க சுடறோம்ங்கறதுக்கான சிபாரிசு.

இப்போ குண்டு, எனக்கு பிடிச்ச பகுதி. ஒரே காலிபர் பல மிருகத்துக்கு வேலை செய்யறதுக்கு காரணமே குண்டோட கட்டுமானம்தான். சாதாரண குண்டுல ஈயத்துக்கு மேல செம்பு உறை சும்மா போர்த்தி இருக்கும், மான் மாதிரி மெல்லிசான உடம்புல சீக்கிரம் விரிஞ்சு நல்லா வேலை செய்யும், ஆனா எல்க் தோள் எலும்புல பட்டா உறை தனியா ஈயம் தனியா பிரிஞ்சு ஆழமா போகாம நின்னுடலாம். அதுக்குத்தான் 1948-ல நோஸ்லர் பார்ட்டிஷன் வந்தது, குண்டுக்கு நடுவுல ஒரு தடுப்பு சுவர், முன் பாதி விரியும், பின் பாதி அப்படியே உள்ள போகும். பிறகு ஈயத்தையும் உறையையும் ஒட்ட வச்ச பாண்டட் குண்டு வந்தது, பார்ன்ஸ் மாதிரி முழு செம்பு குண்டு வந்தது. செம்பு குண்டு எடைய இழக்காது, நாலு இதழா விரிஞ்சு ஆழமா போகும், ஈயத்த விட அடர்த்தி கம்மிங்கறதால அதே எடைக்கு நீளமா இருக்கும், அதனால .308-ல 165 போடறவங்க செம்புல 150 போட்டா சரியா வரும். அது விரியறதுக்கு ஓரளவு வேகம் வேணும், நொடிக்கு 2,000 அடிக்கு கீழ போற தூரத்துல செம்ப நம்ப வேணாம், அட்டைப்பெட்டில குறைஞ்ச வேகம் போட்டிருந்தா அத பாத்துக்கோங்க. கலிஃபோர்னியாவுல 2019 ஜூலையில இருந்து வேட்டைக்கு ஈயமே கூடாது, அந்த மாதிரி இடத்துல செம்பு தவிர வேற வழியும் இல்ல.

மிருகத்தோட மறுபக்கத்து தோலுக்கு கீழ சில சமயம் குண்டு சிக்கும், உரிக்கறப்ப விரல்ல கெட்டியா உருண்டையா தட்டுப்படும். அத தூக்கி போடாம கழுவி ஒரு சின்ன தராசுல எடை பாருங்க. 165 கிரெய்ன் குண்டு 150 சொச்சம் மிச்சம் இருந்து காளான் மாதிரி சமமா விரிஞ்சிருந்தா அந்த குண்ட விட்டுடாதீங்க. வெறும் உறையும் சில ஈய பொடியும்தான் இருந்துச்சுன்னா சின்ன மானுக்கு அது ஓகேதான், பெருசுக்கு எடுத்துட்டு போகாதீங்க.

சின்ன மானுக்கு லேசு குண்டு, பெருசுக்கு கனமான குண்டுன்னு ரெண்டு வகை வச்சுக்கலாமான்னு கேப்பீங்க. வச்சுக்கலாம், ஆனா நான் வேணாம்பேன். வேற எடை, வேற கம்பெனி குண்டு போட்டா அடிபடற இடம் மாறும், 100 மீட்டர்ல ரெண்டு இன்ச் மேல கீழ மட்டும் இல்ல, சில ரைஃபிள்ல இடது வலதாவும் போகும், ஒவ்வொரு தடவையும் ஜீரோ பண்ணாம (குறி வைக்கற இடமும் குண்டு படற இடமும் ஒத்துப்போற மாதிரி ஸ்கோப்ப திருத்தறது) காட்டுக்கு போக முடியாது. லிஸ்ட்ல பெரிய மிருகத்துக்கு ஏத்த குண்டு ஒண்ண தேர்ந்தெடுத்து, அதையே எல்லாத்துக்கும் போடுங்க. .308, .30-06 ரெண்டுக்கும் 165 கிரெய்ன் பாண்டட், இல்லன்னா 150 செம்பு, இதுதான் என் பதில், மூஸும் கரடியும் அதிகம்னா .30-06-ல 180. சின்ன மானுக்கு கெட்டி குண்டு அதிகமா விரியாம துளைச்சுட்டு போயிடுமேன்னா, நுரையீரல்ல சரியா பட்டா மான் கொஞ்ச தூரம் ஓடி விழும், அவ்வளவுதான், இறைச்சியும் ரத்தம் கட்டாம கிடைக்கும். முயல், அணில், பறவைன்னு லிஸ்ட்ல எழுதி இருந்தீங்கன்னா அத அடிச்சு விட்டுடுங்க, அதுக்கு .22-ம் ஷாட்கன்னும்தான், பெரிய ரைஃபிள்ல முயல சுட்டா எடுக்கறதுக்கு எதுவும் மிஞ்சாது.

ஒரே காலிபர்ல இன்னொரு லாபம் பாதுகாப்பு. நாலஞ்சு ரைஃபிள் வச்சிருக்கறவங்க பையில தோட்டா கலந்துடும், .300 பிளாக்அவுட் தோட்டாவ .223 ரைஃபிள்ல போட்டு ரைஃபிள் வெடிச்ச கதை உண்டு, ஏன்னா அது உள்ள அடங்கிடும் ஆனா குண்டு பேரலுக்கு பெருசு. உங்ககிட்ட ஒரே காலிபர் இருந்தா இந்த தலைவலி இல்ல, இருந்தாலும் கேஸ் அடியில பதிச்சிருக்கற பேர ஒரு தடவ படிச்சுட்டு போடற பழக்கம் நல்லது.

ரைஃபிள்ன்னு வர்றப்ப நான் சுருக்கமா முடிச்சுடறேன், ஏன்னா இப்போ வர்ற போல்ட் ஆக்ஷன் (கையால போல்ட இழுத்து தோட்டா ஏத்தற) ரைஃபிள்ல மோசமானது ரொம்ப கம்மி, டிக்கா, ரூகர் அமெரிக்கன், சாவேஜ், வின்செஸ்டர் மாடல் 70, எது கைக்கு வசதியோ அது. ஒரே ரைஃபிள்ங்கறவங்களுக்கு போல்ட் ஆக்ஷன்தான் சரி, மழையிலயும் பனியிலயும் வேலை செய்யும், பிரிச்சு துடைக்க சுலபம், குண்டு எடை மாத்தி போட்டாலும் அடுத்த தோட்டா ஏறறது தடைபடாது. பேரல் 20-ல இருந்து 22 இன்ச், ஒரு இன்ச் குறைச்சா நொடிக்கு 20-30 அடிதான் போகும், அதுக்கு பயந்து நீள பேரல தூக்கிகிட்டு புதருக்குள்ள முட்டிகிட்டு அலைய வேணாம். .30 காலிபர்ல ட்விஸ்ட் 1:10 (பேரல் உள்ள இருக்கற திருகு பள்ளம் 10 இன்ச்சுக்கு ஒரு சுத்து) இருக்கான்னு பாருங்க, செம்பு குண்டு நீளமா இருக்கறதால அது உதவும். தோள்ல வைக்கற கட்டையோட நீளம் உங்களுக்கு பொருந்தணும், தோள்ல தூக்கி வச்சு கண்ண மூடி திறந்தா கண்ணு நேரா ஸ்கோப்புக்குள்ள (குறி பாக்கற தொலைநோக்கி) இருக்கணும், தலைய நீட்டவோ சுருக்கவோ வேண்டி இருந்தா அந்த ரைஃபிள வேற ஆளுக்கு விடுங்க. ஸ்கோப்போட சேத்து மொத்த எடை 8-ல இருந்து 9 பவுண்டுக்குள்ள, ரொம்ப லேசா வாங்கினா தூக்க சுகம் ஆனா உதை கூடும், மலையேறறவங்க மட்டும் அந்த பேரத்த யோசிக்கட்டும். ட்ரிக்கர இழுக்க வேண்டிய விசை 3 பவுண்ட் பக்கம்.

ஸ்கோப்புல எல்லாரும் பெரிய நம்பருக்கு ஓடறாங்க. எத்தனை மடங்கு பெருசா காட்டும்ங்கறதுல கீழ் நம்பர பாருங்க, மேல் நம்பர இல்ல. 2-10 இல்லன்னா 3-9×40 போதும், அடர்ந்த காட்டுல 30 மீட்டர்ல பன்றி குறுக்க ஓடறப்ப 4-12 ஸ்கோப்ல வெறும் முடிதான் தெரியும். கண்ணுல இருந்து ஸ்கோப்புக்கு சுமார் மூணரை இன்ச் இடைவெளி இருக்கறதா வாங்குங்க, .30-06 உதைல புருவத்துல வெட்டு வாங்கினவங்க நெத்தில அரை வட்டமா தழும்போட இருப்பாங்க. ஸ்கோப்ப ரைஃபிள்ல பிடிச்சு வைக்கற மவுண்ட்ல மட்டும் காச மிச்சம் பிடிக்காதீங்க, நல்ல ரைஃபிளும் நல்ல ஸ்கோப்பும் ஆடற மவுண்ட்ல உக்காந்தா எல்லாம் வீண்.

ஜீரோ பண்றது எப்படின்னா, முதல்ல 25 மீட்டர்ல பேப்பர்ல படற மாதிரி கொண்டு வந்து, 100 யார்டுல மூணு மூணு ரவுண்டா சுட்டு, அடிபடற கூட்டம் நடுப்புள்ளிக்கு ரெண்டு இன்ச் மேல இருக்கற மாதிரி வச்சுக்கோங்க. 165 கிரெய்ன் .308 அல்லது .30-06-னா 200 யார்டுல நேரா வந்துடும், 300-ல சுமார் 8 இன்ச் கீழ போகும். மானோட நெஞ்சுக்கூட்டுல உயிர்நிலை சுமார் 8 இன்ச் அகலம், அப்போ 200 யார்ட தாண்டி ஓரளவு தூரம் வரைக்கும் எதையும் திருகாம நடுவுலயே குறி வச்சு சுடலாம், அதுக்கு மேல போனா அளந்து திருத்தணும். சுட்டு முடிச்சு பேரல் ஆறினதும் வர்ற முதல் குண்டு எங்க படுதுன்னு தனியா குறிச்சு வைங்க, வேட்டைல சுடறது அந்த முதல் குண்டுதான், சூடான பேரல்ல வர்ற அழகான கூட்டம் இல்ல.

ரேஞ்ச்ல பெஞ்ச்ல இருந்தே சுட்டுகிட்டு இருந்தா உங்க தூரம் தெரியாது. 6 இன்ச் வட்டம் வரைஞ்ச அட்டைய மாட்டி உக்காந்து, முட்டி போட்டு, குச்சில சாய்ச்சு, நின்னு சுடுங்க. அஞ்சு குண்டும் வட்டத்துக்குள்ள விழற தூரம் எதுவோ அந்த நிலைல அதுதான் உங்க எல்லை, நின்னுகிட்டு சுட்டா அது 70 மீட்டராவும் இருக்கலாம், அதுல என்ன இருக்கு, கிட்ட போங்க. மிருகத்துக்கு பின்னாடி என்ன இருக்குன்னு தெரியாம ட்ரிக்கர்ல விரல் போகக்கூடாதுங்கறது தனியா சொல்ல வேண்டியதில்ல, .308 குண்டு வெறும் காத்துல கிலோமீட்டர் கணக்குல போகும்.

குண்டு முடிவாச்சுன்னா ஒரு பெட்டியோட நிறுத்தாதீங்க, ஒரே லாட் நம்பர்ல (ஒரே தடவையில தயாரிச்ச தொகுதி) அஞ்சாறு பெட்டி சேத்து வாங்குங்க, அட்டைப்பெட்டி மடிப்புல சின்னதா அச்சடிச்சிருக்கும் அந்த நம்பர். லாட் மாறினா அதே குண்டு அதே மருந்துன்னு பேர் போட்டிருந்தாலும் மூணு ரவுண்டு சுட்டு ஜீரோவ பாருங்க, ப்ளேன்ல போயி இறங்கினாலும், ஸ்கோப் எங்கயாவது முட்டினாலும் அதே மூணு ரவுண்டு, வேட்டை ஆரம்பிக்கறதுக்கு முந்தின நாளே.